மூட்டைப்பூச்சி புகுந்த லயத்தில் சாமான்களை என்ன செய்வது?

மூட்டைப்பூச்சியைக் கண்டதும் தோட்டத்து வீடுகளில் நடக்கும் முதல் வேலை, மெத்தையைத் தூக்கி வந்து வாசலில் வெயிலுக்குப் போடுவது. தடியால் நாலு தட்டுத் தட்டி, பகல் முழுக்கக் காயவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் உள்ளே எடுத்துப் போகிறோம். அன்றிரவும் கடிக்கிறது. வெயில் போதவில்லை போலும் என்று மறுநாளும் போடுகிறோம்.

குறை வெயிலில் இல்லை. 2006 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் ஸ்டீபன் டொகெட் என்ற பூச்சியியலாளரும் அவருடைய சகாக்களும் இதே வேலையை அளவுகருவிகளோடு செய்து பார்த்தார்கள். மெத்தையைக் கறுப்புப் பொலித்தீனால் சுற்றிக் கோடை வெயிலில் கிடத்தினார்கள். வெயில் பட்ட மேற்பக்கம் 85 பாகை செல்சியஸ்வரை சூடேறியது. அடிப்பக்கமோ 36.5 பாகையைத் தாண்டவில்லை. அது ஏறக்குறைய மனித உடம்பின் சூடு. இந்தப் பூச்சியைக் கொல்லப் போதாத சூடு. பஞ்சும் ஸ்பொஞ்சும் வெப்பத்தை உள்ளே விடாமல் தடுப்பவை. மேலே காயத் தொடங்கியதும் பூச்சிகள் தையல் வழியாகக் கீழே இறங்கிக்கொள்கின்றன. புரட்டிப் போட்டால் மறுபடியும் இடம் மாறுகின்றன. கொஞ்சம் வாசலிலும் இறங்கிவிடுகின்றன. அங்கிருந்து பக்கத்துக் காம்பராவுக்கு ஒரு சுவர்தான்.

சப்ரகமுவத் தோட்டங்களில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. இரத்தினபுரிப் பக்கம் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மே மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் ஒரு சேலை காய்வதற்கே இரண்டு நாள் ஆகும். வெயிலை நம்பிச் சொல்லப்படும் யோசனைகள் இந்த மண்ணில் பாதி ஆண்டுக்குச் செல்லாது. எனவே பாய், தலையணை, கம்பளி, துணிமணி, தகரப்பெட்டி என்று ஒரு லயன் காம்பராவில் இருக்கும் சாமான்களைக் காப்பாற்றிக்கொண்டே பூச்சியை ஒழிக்கும் வழியை, நம் வீட்டையும் நம் வானத்தையும் வைத்தே யோசிக்க வேண்டும்.

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்வோம். உலகில் மனிதரைக் கடித்து வாழும் மூட்டைப்பூச்சியில் முக்கியமாக இரண்டு இனங்கள். ஒன்று குளிர்நாடுகளில் பரவலானது. மற்றது வெப்ப நாடுகளுக்குரியது. சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ் என்று பெயர். நம் வீடுகளில் இருப்பது இரண்டாவது. வளர்ந்த பூச்சி ஒரு பயற்றம் பருப்பின் நீளம் இருக்கும். சிறகு கிடையாது, பறக்காது, தத்தாது. ஆனால் நன்றாக நடக்கும். தட்டையான உடம்பு என்பதால் ஒரு கடதாசி நுழையும் இடுக்கு அதற்குப் போதும். பெண்பூச்சி தன் ஆயுளில் சில நூறு முட்டைகள் இடும். ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள வெள்ளை முட்டைகள். இட்ட இடத்தில் பசைபோல ஒட்டிக்கொள்ளும், தட்டினால் உதிராது. 6 முதல் 10 நாளில் குஞ்சு வெளிவரும். அது முழுப் பூச்சியாவதற்குள் ஐந்து தடவை தோலுரிக்க வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் ஒரு வயிறு இரத்தம் வேண்டும்.

இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். இன்றைக்குக் கண்ணில் பட்ட பூச்சியையெல்லாம் நசுக்கினாலும் முட்டைகள் மிச்சமிருக்கும். பத்து நாள் கழித்து அவை புதுக் குஞ்சுகளாக நடக்கும். ஒரு நாள் சுத்தம் செய்துவிட்டு ‘போய்விட்டது’ என்று இருந்த வீடுகள் எல்லாம் மூன்றாம் வாரம் மறுபடியும் சொறிவது இதனால்தான்.

பகலில் அது மெத்தையில் மட்டும் இருப்பதில்லை. கட்டில் சட்டத்தின் மூட்டு, ஆணி அடித்த ஓட்டை, சுவரில் பூச்சு விரிந்த வெடிப்பு, சாமிப்படத்தின் பின்பக்க அட்டை, பழைய கலண்டர், சுவரில் ஒட்டிய பத்திரிகைத் தாளின் உட்பக்கம், தகரப்பெட்டியின் கீல், புத்தகத்தின் முதுகு: ஆள் உறங்கும் இடத்திலிருந்து ஓரிரு மீற்றருக்குள் இருண்ட இடுக்கு எங்கிருந்தாலும் அது இருக்கும். பேனா மை சிந்தியதுபோலக் கரும்புள்ளிகள் கூட்டமாகத் தெரிந்தால் அதுதான் அதன் எச்சம். ஈரத்துணியால் துடைத்தால் செம்மண் நிறத்தில் இழுபடும். இரவில் நம் மூச்சுக்காற்றிலுள்ள கரியமில வாயுவையும் உடம்புச் சூட்டையும் பிடித்துக்கொண்டு வந்து, வலி தெரியாமல் இரத்தம் உறிஞ்சி, மறுபடியும் இடுக்குக்குத் திரும்பிவிடும். சிலருக்குத் தடிப்பு உடனே வரும். சிலருக்கு நாட்கள் கழித்து வரும். சிலருக்கு வருவதே இல்லை. ஒரே பாயில் படுத்த இருவரில் ஒருவர் சொறிவதும் மற்றவர் ‘எனக்கு ஒன்றும் இல்லையே’ என்பதும் அதனால்தான். கடிபடாதவர் என்று அங்கே யாரும் இல்லை.

மூட்டைப்பூச்சி நோய் பரப்புவதாக இதுவரை நிறுவப்படவில்லை. அதற்காக அதைச் சில்லறைத் தொல்லை என்று தள்ளிவிடக் கூடாது. 1962 இல் இந்திய ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் வெங்கடாசலமும் பெலவாடியும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். மூட்டைப்பூச்சி மிகுந்த வீடுகளில் கைக்குழந்தைகளும் சிறுவர்களும் இரவுதோறும் இழக்கும் இரத்தம், அவர்களின் இரும்புச்சத்துக் குறைவுக்கும் இரத்தசோகைக்கும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பது அவர்கள் சொன்னது. காலையில் ரொட்டியும் தேநீருமாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஒரு துளி இரத்தமும் மலிவானதல்ல. இரவெல்லாம் சொறிந்துவிட்டு விடியலில் மலையேறிக் கொழுந்தெடுக்கும் தாய்க்கு உறக்கமும் அப்படித்தான்.

இனி வீட்டுக்கு வருவோம். பழைய லயன் காம்பரா என்பது ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு, பின்னால் அல்லது பக்கத்தில் குசினி. ஆறு, எட்டு, பன்னிரண்டு காம்பராக்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். சில லயன்களில் முதுகோடு முதுகாக இரட்டை வரிசை. இடைச்சுவர் கூரைத் தகரம்வரை எழும்பாத லயன்களும் இருக்கின்றன. ஒரு வீட்டுப் புகையும் பேச்சும் அனுமதி கேட்காமலே அடுத்த வீட்டுக்குப் போகும். மூட்டைப்பூச்சியும் போகும். தனி வீட்டில் வாழ்கிறவர்களுக்காக எழுதப்பட்ட எந்த அறிவுரையும் இங்கே அப்படியே பொருந்தாததற்கு இதுவே பெரிய காரணம். மூட்டைப்பூச்சியின் கணக்கில் லயம் முழுவதும் ஒரே வீடு.

அது எப்படி வருகிறது என்பதையும் வெட்கப்படாமல் பேச வேண்டும். அழுக்கு வீட்டில்தான் மூட்டைப்பூச்சி என்பது தவறான எண்ணம். அதற்கு வேண்டியது மனித இரத்தமும் ஒரு இடுக்கும் மட்டுமே; நட்சத்திர ஹோட்டலிலும் அவை இரண்டும் உண்டு. இன்றைக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் உணவகங்களிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறார்கள். நெருக்கமான தங்கறைகளில் ஆள்மாற்றி ஆள் அதே மெத்தையில் படுக்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பையோடு வீட்டுக்கு வரும்போது பையின் தையலில் நான்கு பூச்சிகள் கூடவே வந்தால் போதும். பேருந்து இருக்கை வழியாக வரலாம், பழைய கட்டில் வாங்கினால் வரலாம். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததும், அதே நாள் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயன் வீடுகள் மண்ணில் புதைந்ததும் யாருக்கும் மறக்காது. அப்படியான நாட்களில் பாடசாலையிலும் கோயிலிலும் நூற்றுக்கணக்கானோர் பாயோடு பாய் ஒட்டிப் படுக்கிறோம், கிடைத்த போர்வையைப் போர்த்திக்கொள்கிறோம். அங்கிருந்து திரும்பும்போதும் வரலாம். வந்ததை மறைத்து வைத்தால் பூச்சிக்கு மேலும் இரண்டு மாதம் கிடைக்கிறது. அவ்வளவுதான்.

மெத்தையைத் தூக்கி எறிவதும் கட்டிலை எரிப்பதும் பலருக்குத் தோன்றும் வழி. தயவுசெய்து அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம். ஒரு ஸ்பொஞ்ச் மெத்தை நாட்கூலிக் குடும்பத்துக்குப் பல நாள் உழைப்பு. அதைத் தூக்கி எறிந்த பிறகும் சுவர் வெடிப்பில் பூச்சி இருக்கும், புதிதாக வாங்கிய மெத்தைக்கும் ஏறும். இழுத்துக்கொண்டு போகும் வழியெல்லாம் பூச்சி உதிரும். லயத்துக் கோடியில் கிடக்கும் மெத்தையை, நம்மைவிட வறுமையில் இருக்கும் யாராவது மழைக்கு முன்னால் எடுத்துப் போவார்கள். உண்மையிலேயே கிழிந்து உதவாது போனதென்றால், உள்ளே வைத்தே பொலித்தீனால் இறுகச் சுற்றிக் கட்டி, எவரும் பயன்படுத்தாதபடி கத்தியால் பல இடங்களில் வெட்டிவிட்டு அப்புறப்படுத்துங்கள். ஸ்பொஞ்சை எரித்தால் எழும் புகை கடும் நஞ்சு. லயத்தருகே கொளுத்தவே கூடாது.

நல்ல மெத்தையைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. கட்டிடச் சாமான் கடைகளில் மீற்றர் கணக்கில் விற்கும் தடித்த பொலித்தீனை வாங்கி, மெத்தையை முழுவதும் உறையிட்டு, விளிம்புகளை அகலமான டேப்பால் ஒரு துளை விடாமல் ஒட்டுங்கள். உள்ளே இருக்கும் பூச்சிகள் வெளியே வந்து கடிக்க முடியாது. வெளியே இருப்பவை தையலுக்குள் ஒளிய முடியாது. மேலே தடித்த துணி விரித்துப் படுக்கலாம். கைக்குழந்தையை மட்டும் பொலித்தீன் பக்கம் தனியே விடாதீர்கள், மூச்சு அடைத்துவிடும். மூட்டைப்பூச்சி உண்ணாமல் பல மாதம் உயிர்வாழும். குளிர்நாட்டில் ஓராண்டை நெருங்கியும் தாக்குப்பிடிக்கும். வெப்பம் கூடிய இடத்தில் அதன் உடம்பு வேகமாக எரிந்து தீர்வதால் அவ்வளவு நாள் தாங்காது. ஆனாலும் உறையை ஆறு மாதம் பிரிக்காமல் வைத்திருப்பதே பத்திரம்.

துணிமணிகளுக்கு நம்மிடம் இருக்கும் உறுதியான ஆயுதம் அடுப்பு. அமெரிக்காவில் ஸ்டீபன் கெல்ஸும் மைக்கல் கொப்லிர்ஷும் 2011 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 48 பாகையில் வளர்ந்த பூச்சி 20 நிமிடத்தில் சாகிறது. முட்டைக்கு அதே சூட்டில் 70 நிமிடத்துக்கும் மேல் வேண்டியிருந்தது. சூடு 55 பாகையைத் தொட்டதும் முட்டையும் உடனே மடிகிறது. கொதிக்கும் தண்ணீர் இதற்கெல்லாம் மிக மேலே நிற்கிறது. ஆகவே விறகடுப்பில் ஒரு அண்டா தண்ணீர் கொதித்தால், துணி விஷயத்தில் பெரிய நாடுகளின் சலவை இயந்திரம் செய்கிற வேலை முடிந்துவிடும்.

குளிர்ந்த தண்ணீருக்கு அந்தச் சக்தி இல்லை. பிரித்தானியாவில் ரிச்சர்ட் நெய்லரும் கிளைவ் போஸும் 2010 இல் இதைத் தனியாகச் சோதித்தார்கள். துணியை 24 மணி நேரம் குளிர்நீரில் ஊறவைத்தபோது நடமாடும் பூச்சிகள் செத்தன, முட்டைகள் பிழைத்துக்கொண்டன. 60 பாகை நீரில் சலவை செய்தபோது எல்லாமே செத்தன. பீலியில் சவர்க்காரம் போட்டுக் கும்மி அடித்துத் துவைத்தும் பத்து நாளில் பூச்சி திரும்புகிறதே என்று வருந்தும் பெண்களுக்கு இதுதான் பதில். உங்கள் உழைப்பில் குறையில்லை. தண்ணீர்தான் குளிர்ந்தது.

செய்யும் முறை முக்கியம். துணியை அள்ளிக் கையில் அணைத்துக்கொண்டு இஸ்தோப்பு வழியாக நடக்காதீர்கள். காம்பராவுக்குள்ளேயே பெரிய பொலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டி எடுத்துவந்து, அண்டாவுக்கு மேல் பிரித்து நேராகக் கொதிநீருக்குள் கொட்டுங்கள். வெறும் பையை உடனே இறுகக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பருத்தித் துணி, விரிப்பு, தலையணை உறை, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு, எல்லாம் அரை மணி நேரம் சூட்டில் கிடக்கட்டும். நெருக்கித் திணித்தால் நடுவில் சூடு ஏறாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். காய்ந்ததும் பழைய இடத்தில் அடுக்காமல் புதிய பையில் கட்டி வையுங்கள். மழைநாளில் உலர்த்துவது பெரும்பாடுதான். அடுப்படிக் கொடியில் உலர்ந்தாலும் போதும், வெயில் தேவையில்லை. கொல்லும் வேலையைக் கொதிநீர் முடித்துவிட்டது.

கொதிக்க வைக்க முடியாத பட்டுச் சேலைக்கும் கம்பளிக்கும் சூடான அயன்பெட்டியைத் தையல், மடிப்பு, ஓரம் எல்லாம் மெதுவாக ஓட்டலாம். துணிக்குத் தாங்கும் சூட்டில், அவசரப்படாமல். அதுவும் முடியாதவற்றைப் பையில் இறுகக் கட்டி ஆறு மாதம் ஒதுக்கி வைக்கலாம். பாய் மலிவு என்றாலும் அதன் ஓரத் தையலும் பின்னலும் நல்ல ஒளிவிடம். சுருட்டி நிறுத்தி, இரண்டு முனையிலும் கொதிநீரை நிதானமாக ஊற்றுங்கள், பிறகு விரித்து மறுபடியும் ஊற்றுங்கள்.

இன்னொரு செய்தியும் உதவும். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் 2017 இல் வெளியான ஆய்வில், உடுத்துக் கழற்றிய துணிப் பைகளையும் துவைத்த துணிப் பைகளையும் ஒரே அறையில் வைத்துப் பூச்சிகளை விட்டார்கள். உடுத்த துணியில் ஏறக்குறைய இருமடங்கு பூச்சிகள் சேர்ந்தன. நம் உடம்பின் வாடை அதற்கு வழிகாட்டி. மலையிலிருந்து நனைந்து வந்து கழற்றிய துணியைக் கட்டிலடியில் குவித்து ஞாயிறுவரை வைப்பது அதை வரவேற்பது போலத்தான். மூடியுள்ள வாளியோ கட்டிய பையோ போதும், பெரிய செலவில்லை. வேலைக்குக் கொழும்பு போய்வரும் பிள்ளையின் பையையும் கட்டில்மேல் வைக்காமல், இஸ்தோப்பிலேயே பிரித்துத் துணியை நேராக அண்டாவுக்கு அனுப்புங்கள். பிள்ளை மனம் நோகாதபடி இதைப் பழக்கமாக்கிக்கொள்ள முடியும்.

தகரப்பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலையகத்து வீட்டில் அது வெறும் பெட்டியில்லை. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, 2003 இன் சட்டத்தின் பிறகே முழுமையாகக் குடியுரிமை கிடைத்த மக்கள் நாம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, தாத்தாவின் பதிவுத் தாள், சேமலாப நிதிப் பத்திரம், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு எல்லாம் அந்தப் பெட்டியின் அடியில் கிடக்கின்றன. பூச்சிப் பயத்தில் அந்தத் தாள்களை எறிந்துவிட்டாலோ நனைத்துவிட்டாலோ மறுபடியும் எடுப்பதற்கு எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டும் என்பது நமக்குத் தெரியும்.

தாளுக்குக் கொதிநீரும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்து இரண்டு பக்கமும் பாருங்கள். பழைய பற்தூரிகையால் மடிப்பையும் விளிம்பையும் மெல்லத் தட்டுங்கள். விழும் பூச்சியைச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். முட்டை ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டாமல் மெல்லிய அட்டையால் நெம்பி எடுக்கலாம். பிறகு உலர்ந்த, தெளிவான பையில் போட்டு மூடி, உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே எழுதி வையுங்கள். தேவைப்பட்டால் எடுத்துவிட்டு உடனே மூடலாம். பெட்டியை வெறுமையாக்கிய பிறகு அதன் கீல், பூட்டு, அடித்தட்டு மடிப்பு எல்லாவற்றிலும் கொதிநீரை ஊற்றி உலர்த்துங்கள். பாடப்புத்தகங்களும் கொப்பிகளும் இதே முறையில்தான். சாமிப்படங்களைச் சுவரிலிருந்து இறக்கி, பின் அட்டையைக் கழற்றிப் பார்க்கத் தயங்க வேண்டாம். கண்ணாடிக்கும் அட்டைக்கும் நடுவே இருட்டாக, அசைவில்லாமல் இருக்கும் அந்த இடம் பூச்சிக்கு மிகப் பிடித்தது.

கட்டிலை மூட்டுக்களில் கழற்ற முடிந்தால் கழற்றி, வெளியே கல்மேல் வைத்து, ஒவ்வொரு பொருத்திலும் ஆணித்துளையிலும் கொதிநீர் ஊற்றுங்கள். கெண்டியிலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றினால் நீர் உள்ளே இறங்கும். காய்ந்ததும் துளைகளை மெழுகாலோ புட்டியாலோ அடையுங்கள். சுவர் வெடிப்பைச் சீமெந்தாலோ சுண்ணாம்பாலோ பூசுங்கள்; ஒட்டிய பழைய தாள்களைக் கிழித்துப் பையில் கட்டி எரியுங்கள். பிறகு கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளிப் போட்டு, போர்வை தரையில் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டில் கால்களைத் தண்ணீர் டின்னில் வைக்கும் பழக்கம் நமக்குண்டு. அதில் இரண்டு திருத்தம் வேண்டும். வெறும் வழவழப்பான கிண்ணத்தை மட்டும் நம்பக் கூடாது. மலேசியாவில் செய்து 2017 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், குளிர்நாட்டு மூட்டைப்பூச்சி ஏற முடியாமல் சறுக்கிய வழவழப்பான சுவரில், நம் வெப்பநாட்டு இனம் ஏறிப்போனது. அதன் கால் நுனியில் ஒட்டிப்பிடிக்கும் மயிர்கள் அதிகம். வெளிநாட்டில் விற்கும் சில பொறிகள் இங்கே பலிக்காதது அதனால்தான். தண்ணீர் இருந்தால் கடக்காது. ஆனால் தெளிந்த தண்ணீர் டெங்கு நுளம்புக்குத் தொட்டில். இரத்தினபுரியில் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீரில் சவர்க்காரம் கலந்து, வாரத்துக்கு இரண்டு முறை கொட்டித் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். முடியாவிட்டால் டின் வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பது, விறகடுப்பு எரியும் காம்பராவில், உயிரோடு விளையாடுவது.

மருந்துதான் மிகவும் மனம் பதைக்க வைக்கும் பகுதி. 1934–35 மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை மாவட்டத்தை மிகக் கொடுமையாகத் தாக்கியது. அதன் பிறகு 1940களின் நடுவில் இலங்கையில் டிடிடி என்ற பூச்சிகொல்லியின் தெளிப்பு வந்தது. மலேரியா 1946 இல் இருந்த ஏறக்குறைய 28 இலட்சத்திலிருந்து 1963 இல் வெறும் 17 நோயாளிகளாக இறங்கியது. சுவரில் அடித்த டிடிடி, நுளம்போடு மூட்டைப்பூச்சியையும் கொன்றது, மக்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் மருந்தில் பிழைத்த சில பூச்சிகளின் வாரிசுகள்தான் மிஞ்சின. ஹவாயிலிருந்து 1940களின் இறுதியிலேயே டிடிடிக்கு அடங்காத மூட்டைப்பூச்சிகள் பற்றிய செய்தி வந்துவிட்டது. இலங்கையில், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கருணாரத்னவின் குழு 2007 இல் வெளியிட்ட ஆய்வு, நம் நாட்டு மூட்டைப்பூச்சிகள் டிடிடி உட்படப் பல வகைப் பூச்சிகொல்லிகளுக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்டதைக் காட்டியது. கடையில் வாங்கும் நுளம்பு ஸ்ப்ரேயைக் கட்டில்மேல் அடித்தால் பூச்சி சாகாமல் அடுத்த காம்பராவுக்கு ஓடுவதைப் பலர் கண்டிருப்பார்கள். காரணம் இதுதான்.

சாகவில்லையே என்று இன்னும் கடுமையான மருந்தைத் தேடும்போதுதான் ஆபத்து. தோட்டத்துக்கும் மரக்கறிக்கும் அடிக்கும் மருந்தைக் காம்பராவுக்குள் தெளிப்பதோ, தானியக் களஞ்சியத்தில் வைக்கும் பொஸ்பைட் வில்லையைக் கட்டிலடியில் வைப்பதோ கொலைக்குச் சமம். அந்த வில்லை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பொஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும்; நம் மழைநாட்டில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அந்த வாயு சுவர் இடுக்கிலும் கூரைத் திறப்பிலும் புகுந்து, மருந்து வைக்காத வீட்டில் உறங்கும் குழந்தையையும் தொடும். 2025 பெப்ரவரியில் கொழும்பிலுள்ள ஒரு பயணிகள் விடுதியில் மூட்டைப்பூச்சிக்காகப் புகைமருந்து இட்ட பிறகு, அங்கே தங்கியிருந்த இரண்டு இளம் வெளிநாட்டுப் பெண்கள் உயிரிழந்தார்கள்; புகைமருந்தின் நச்சே காரணமாக இருக்கலாம் என்று பொலிஸார் சந்தேகித்தார்கள். தலைநகரில், தனித்தனி அறைகள் உள்ள கட்டிடத்திலேயே இந்த நிலை என்றால் ஒட்டுச்சுவர் லயத்தில் என்ன ஆகும்?

ஆகவே லயமே சேர்ந்து செய்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேசி ஒரு ஞாயிற்றுக்கிழமையை முடிவு செய்யுங்கள். அன்று எல்லாக் காம்பராவிலும் அடுப்பேறட்டும், எல்லாக் கட்டிலும் ஒரே நேரத்தில் கழற்றப்படட்டும். ஆளில்லாத வயதானவர் வீட்டுக்கு இளைஞர்கள் கைகொடுக்கட்டும். அந்த ஒரு வீடு விட்டுப்போனால் மற்றப் பதினொரு வீட்டு உழைப்பும் வீண். பத்து நாள் கழித்து மறுபடியும் ஒரு தடவை, அதற்குப் பத்து நாள் கழித்து மூன்றாவது தடவை. அந்த நாட்களில் பயந்துகொண்டு உறவினர் வீட்டுக்குப் படுக்கப் போகாதீர்கள். பூச்சியைக் கொண்டுபோவீர்கள், அல்லது பசித்த பூச்சி உங்களைத் தேடிப் பக்கத்து வீட்டுக்குப் போகும். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பராவின் பாய்களையும் தொட்டில் துணிகளையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தோட்ட நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு லயத்துக்கு நான்கு பெரிய அண்டா, ஒரு வண்டி விறகு, ஒரு சுருள் பொலித்தீன், சுவர் வெடிப்பை அடைக்கச் சில மூடை சீமெந்து, அரைநாள் சம்பளத்தோடு விடுப்பு: இது பெரிய பணம் இல்லை. மருந்து அடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால் அதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் மேற்பார்வையில், லயம் முழுவதையும் காலி செய்து, பயிற்சி பெற்றவர்களைக்கொண்டு மட்டுமே செய்யுங்கள். மருந்தடித்த காம்பராவில், பரிசோதகர் சொல்லும்வரை, ஒரு பிள்ளையையும் உறங்க விடாதீர்கள்.